பழைய பிக்கப் வாங்கும்போது பின் ஆக்சில் ரேஷியோவைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய பிக்கப் பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தம் கேட்பார்கள், டயரைத் தடவிப் பார்ப்பார்கள், பாடியில் துருவைத் தட்டிப் பார்ப்பார்கள், எஃப்.சி.யும் இன்சூரன்ஸும் எதுவரை இருக்கிறது என்று விசாரிப்பார்கள். பின் ஆக்சிலுக்குள் எத்தனைக்கு எத்தனை பல் என்று கேட்பவர் குறைவு. லோடோடு மேம்பாலம் ஏறும்போது எந்த கியர் பிடிக்கும், அறுபதில் போகும்போது இன்ஜின் எவ்வளவு சுற்றும், மாதக் கடைசியில் டீசல் செலவு எங்கே போய் நிற்கும் என்பதில் அந்தப் பல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. புதுச்சேரியில் டீசல் விலை குறைவு என்று எல்லை தாண்டிப் போய் டேங்க் நிரப்புகிறோம். வேலைக்குப் பொருந்தாத ரேஷியோ அமைந்துவிட்டால் அங்கே மிச்சம் பிடித்ததை ரோட்டில் விட்டுவிடுவோம்.

பழைய வண்டியில் இதை எண்ணிப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பத்து வருடம் லோடு அடித்த வண்டியில் கிரவுன் பினியன் என்கிற அந்தப் பல்சக்கர ஜோடி ஒருமுறையாவது மாறியிருக்க வாய்ப்புண்டு. மாற்றியவர் கம்பெனி கொடுத்த அதே பல்லைப் போட்டாரா, கிடைத்த ஆக்சில் ஹவுசிங்கை அப்படியே தூக்கி மாட்டினாரா என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் புத்தகத்தில் உள்ள எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். கையால் எண்ணிவிடலாம், பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

முதலில், அந்த எண் என்ன

இன்ஜினின் சுழற்சி கியர் பாக்ஸ் வழியாக புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு வருகிறது. ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் பினியன். அது சுற்றிவிடும் பெரிய தட்டுதான் கிரவுன். கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்தால் வருவது ரேஷியோ. கிரவுனில் 41, பினியனில் 9 என்றால் 4.55. அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் நாலரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடச் சுற்ற வேண்டும்.

எண் பெரிதானால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்றும். எண் சிறிதானால் இன்ஜின் நிதானமாக ஓடும், ஏற்றத்தில் கியர் குறைக்க வேண்டிவரும். நம் ஊர் பட்டறைகளில் தசமத்தில் பேசுவதைவிட ‘ஒன்பதுக்கு நாற்பத்தொண்ணு’, ‘எட்டுக்கு நாற்பத்தொண்ணு’ என்று பல் கணக்கில் பேசுவதுதான் தெளிவு. எண்ணி முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கச் சில ஜோடிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: 41-க்கு 10 என்றால் 4.10, 37-க்கு 9 என்றால் 4.11, 43-க்கு 10 என்றால் 4.30, 41-க்கு 9 என்றால் 4.55, 37-க்கு 8 என்றால் 4.62, 39-க்கு 8 என்றால் 4.87, 41-க்கு 8 என்றால் 5.12.

37, 41, 43 என்று வகுபடாத எண்களாகவே வருவது தற்செயல் இல்லை. இரண்டு எண்ணுக்கும் பொது வகுத்தி இல்லாவிட்டால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களோடும் மாறி மாறி உரசும், தேய்மானம் சமமாகப் பரவும். எண்ணும்போது 4.50 என்று சுத்தமாக வந்தால் சந்தேகப்பட்டு மறுபடி எண்ணுங்கள், பெரும்பாலும் அது 4.55 ஆகத்தான் இருக்கும்.

காகிதத்தில் கிடைக்குமா

ஆர்.சி.யில் கிடைக்காது. தயாரித்த மாதம், சி.சி., வீல் பேஸ், காலி எடை, மொத்த எடை எல்லாம் இருக்கும், ஆக்சில் ரேஷியோ இருக்காது. 17 இலக்கச் சேஸிஸ் எண்ணிலும் ரேஷியோ எழுதப்பட்டிருக்காது. ஆனால் அந்த எண்ணைக் கொண்டுபோய் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலோ ஒரிஜினல் ஸ்பேர்ஸ் கவுன்டரிலோ கொடுத்தால், வண்டி வெளிவந்தபோது எந்தக் கிரவுன் செட் போட்டார்கள் என்று பார்ட்ஸ் கேட்லாக்கில் பார்த்துச் சொல்ல முடியும். போலேரோ பிக்கப்போ தோஸ்த்தோ யோதாவோ, ஒரே பெயரில் பல எடைத் திறன்களில், பல வருட மாடல்களில் வந்திருக்கின்றன. பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் தப்பான பதில் வரலாம், சேஸிஸ் எண்ணோடு கேளுங்கள்.

அமெரிக்க வழிகாட்டிகளைப் பார்த்துவிட்டுக் கதவோரத்து ஸ்டிக்கரைத் தேடுகிறவர்கள் உண்டு. ஃபோர்டு எஃப்-150 போன்ற வண்டிகளில் அந்த ஸ்டிக்கரில் ஆக்சில் கோடு இருக்கும், பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டில் சின்னத் தகடும் தொங்கும். இங்கே ஓடும் பிக்கப்களில் அதை எதிர்பார்க்க வேண்டாம். தகடு இருந்தாலும் துறைமுகத்தில் மீன் ஏற்றிய வண்டியாக இருந்தால் ஐஸ் உருகி வடிந்த உப்புத்தண்ணீர் அதைத் தின்றிருக்கும்.

கம்பெனி எண் தெரிந்தால் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இனி எண்ணப் போவது அதோடு பொருந்துகிறதா என்று பார்க்கத்தான்.

ஜாக்கி இல்லாமல், தள்ளி எண்ணுவது

விற்பவர் வீட்டு வாசலிலேயே செய்யக்கூடியது இது. ஜாக்கி போட்டுத் தூக்க அவர் சம்மதிக்காவிட்டாலும் வண்டியைக் கொஞ்ச தூரம் தள்ள ஆட்சேபம் சொல்ல மாட்டார்.

சமதளமான, நேரான இடம் வேண்டும். லோடு இருக்கக் கூடாது. நான்கு பேர் இருந்தால் நல்லது: ஒருவர் ஸ்டியரிங்கில், இருவர் தள்ள, ஒருவர் பக்கவாட்டில் போனோடு. இன்ஜினை அணைத்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்டில் வெள்ளை டேப்பை ஓர் இடத்தில் ஒட்டுங்கள். பின் டயரின் பக்கச் சுவரில், தரையைத் தொடும் இடத்துக்கு நேராக ஒரு சாக்பீஸ் கோடு. தரையிலும் அதே இடத்தில் ஒரு கோடு.

பிறகு கட்டையை எடுத்து, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, மெதுவாக நேராகத் தள்ளச் சொல்லுங்கள். டயர் கோடு ஐந்தாவது முறை தரையைத் தொடும்வரை தள்ள வேண்டும். 215/75 ஆர்15 டயர் என்றால் கிட்டத்தட்ட பத்தே முக்கால் மீட்டர் தூரம். பக்கவாட்டில் நடப்பவர் டேப்பும் சக்கரமும் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கட்டும். எண்ணுவதை அப்புறம் நிதானமாக வீடியோவை ஓட்டிச் செய்யலாம். ஷாஃப்ட் இருபதரைச் சுற்று சுற்றியிருந்தால் 4.10. இருபத்திரண்டே முக்கால் என்றால் 4.55. இருபத்தைந்தரையைத் தாண்டினால் 5.12. மொத்தச் சுற்றை ஐந்தால் வகுத்தால் போதும். நேராகத் தள்ளும்போது இரண்டு பின் சக்கரமும் சமமாகச் சுற்றுவதால் வேறு கணக்கு எதுவும் வேண்டாம்.

இதில் இரண்டு விஷயத்தில் கறாராக இருங்கள். உருளும் வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது. இன்ஜின் அணைந்திருப்பதால் பிரேக் பெடல் கட்டையாக இருக்கும். ஸ்டியரிங்கில் இருப்பவர் ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தே இருக்க வேண்டும்.

ஜாக்கி போட்டு எண்ணுவது

துல்லியம் வேண்டுமென்றால் இதுதான். பட்டறையிலோ காங்கிரீட் தளத்திலோ செய்யுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோர மணல் தரையில் ஜாக்கி ஒரு பக்கம் அமுங்கும். பலகை போட்டாலும் அந்தத் தரையில் இந்த வேலை வேண்டாம்.

பாதுகாப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் உயிருக்கு ஆபத்து இருக்கிறது. பிக்கப்களில் ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. நாம் பின் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கையும் இறக்கி, நியூட்ரலிலும் போடப் போகிறோம். வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவுமே மிஞ்சாது. அதனால் இரண்டு முன் சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் நல்ல கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும். தூக்கிய பிறகு ஆக்சில் ஹவுசிங்குக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு நிறுத்தி, எடை ஸ்டாண்டில் இறங்கியதா என்று பாருங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஆயில் சீல் எப்போது விடும் என்று யாரும் சொல்ல முடியாது. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்டு ஆகாது. சாவியைக் கழற்றி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால் போதும், மற்றது தரையில் அசையாமல் இருக்கட்டும். ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள், கியர் நியூட்ரல். தூக்கிய டயரில் ஒரு கோடு, அதற்கு நேராக பாடியில் ஒரு கோடு. பினியன் ஃபிளாஞ்சில் (ஷாஃப்ட் போல்ட்டில் சேரும் தட்டு) ஒரு கோடு, எதிரே ஹவுசிங்கில் ஒரு கோடு. சக்கரத்தை மெதுவாக ஒரே திசையில் திருப்பி, பல்லுக்கு இடையில் உள்ள ஆட்டம் முடிந்து ஷாஃப்ட் நகரத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். மேலே சொன்ன கோடுகளை அந்த நிலையில் வைத்துப் போட்டால்தான் கணக்கு சரியாக வரும்.

இப்போது ஒருவர் சக்கரத்தைச் சரியாக 20 சுற்று திருப்ப வேண்டும், மற்றவர் ஷாஃப்டை எண்ண வேண்டும். இருவரும் வாய்விட்டு எண்ணுங்கள். வந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் ரேஷியோ.

20 சுற்றுக்கு ஏன் பத்தால் வகுக்கிறோம்? ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது டிஃபரன்ஷியல் தன் வேலையைச் செய்கிறது: தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். இதை மறந்துவிட்டு ஒரு சுற்றுக்கு எண்ணினால் 2.27 என்று ஏதோ வரும், பிக்கப்பில் அப்படி ஒரு ரேஷியோ கிடையாது. இரண்டுக்குப் பக்கத்தில் எண் வந்தால் இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

ஷாஃப்ட் 41 சுற்று சுற்றினால் 4.10. நாற்பத்தைந்தரை என்றால் 4.55, நாற்பத்தெட்டே முக்கால் என்றால் 4.87, ஐம்பத்தொன்றேகால் என்றால் 5.12. ஃபிளாஞ்சில் நான்கு போல்ட் இருந்தால் கால் சுற்றைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். 4.10-ஐயும் 4.11-ஐயும் இந்த முறையில் பிரிக்க முடியாது. ஓட்டுவதற்கு அந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது, ஆனால் ஸ்பேர் வாங்கும்போது செய்யும். அதைக் கீழே பார்ப்போம்.

தூக்கிய சக்கரம் திரும்பவே மறுத்தால் பிரேக் ஷூ பிடித்திருக்கலாம், அல்லது லாக் ஆகும் வகை டிஃபரன்ஷியலாக இருக்கலாம். பிந்தையது என்றால் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு நிறுத்தி, சக்கரத்தைப் பத்தே சுற்று திருப்பினால் போதும், இரண்டும் ஒரே திசையில் ஓடும். சாதாரண டிஃபரன்ஷியலில் இரண்டையும் தூக்கினால் எதிர்ச் சக்கரம் பின்னோக்கி ஓடும், ஷாஃப்ட் நின்ற இடத்திலேயே நிற்கும், ஒன்றும் எண்ண முடியாது.

அடியில் இருக்கும்போதே ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். கிரவுன் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணை வெள்ளம் கடலூர் கரையோரத்து ஊர்களுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சூடான ஆக்சில் தண்ணீரில் முங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி பிரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அந்த ஆயிலோடு ஓடிய கிரவுனில் ரேஷியோ சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை. இரும்புத்தூள் மினுங்கினாலும் விலையைத் திரும்பப் பேச வேண்டிய நேரம் அது.

ஓட்டிப் பார்த்துக் கணக்கிடுவது

ஆர்.பி.எம். மீட்டர் உள்ள வண்டிக்கு இது பொருந்தும். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும், சின்ன ஸ்கேனரைச் சொருகினால் போனிலேயே ஆர்.பி.எம். தெரியும். வேகத்தை வண்டி மீட்டரில் பார்க்காமல் போனின் ஜி.பி.எஸ்.ஸில் பார்க்க வேண்டும்.

கியர் பாக்ஸில் ஒன்றுக்கு ஒன்று என்று நேராகப் போகும் கியர் எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஐந்து கியர் வண்டிகள் பலவற்றில் அது நான்காவது, சிலவற்றில் ஐந்தாவது. ஓனர்ஸ் மேனுவலில் போட்டிருக்கும். டயரின் உருளும் சுற்றளவையும் அளக்க வேண்டும்: டயரில் கோடு போட்டு வண்டியை ஒரு சுற்று உருட்டி, தரையில் இரண்டு கோட்டுக்கும் இடையில் டேப் வையுங்கள். டயர் அளவை வைத்துக் கணக்குப் போட்டால் கொஞ்சம் கூட வரும், எடையில் டயர் அமுங்குவதால் உருளும் தூரம் குறைகிறது.

கணக்கு: ஆர்.பி.எம். பெருக்கல் சுற்றளவு மீட்டரில் பெருக்கல் 0.06, வகுத்தல் வேகம். நேர் கியரில் 2,200 ஆர்.பி.எம்., சுற்றளவு 2.15 மீட்டர், ஜி.பி.எஸ்.ஸில் 62 கி.மீ. என்றால் 4.58 வருகிறது. பக்கத்தில் 4.55-உம் இருக்கிறது, 4.62-உம் இருக்கிறது. எது என்று உறுதி செய்ய சக்கரத்தைத்தான் எண்ண வேண்டும். ஆகவே இது சந்தேகத்தைத் தீர்க்கும் முறை இல்லை, கிளப்பும் முறை. கடலூர்–புதுச்சேரி பழைய ரோட்டில் அரியாங்குப்பம் நெரிசலில் முயற்சி செய்யாதீர்கள், ஒரே வேகத்தில் அரை நிமிடம்கூடப் போக முடியாது. விழுப்புரம் பக்க நான்குவழிச் சாலை பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எண்களைக் குறிக்கட்டும், ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

கிலோமீட்டர் மீட்டர் காட்டிக்கொடுப்பது

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், காசு சம்பந்தப்பட்டது. பழைய பிக்கப்கள் பெரும்பாலானவற்றில் ஸ்பீடோமீட்டர் கியர் பாக்ஸின் பின்முனையிலிருந்து ஓடுகிறது, கேபிளாக இருந்தாலும் சென்சாராக இருந்தாலும். ஆக்சிலில் பல் மாறியது அதற்குத் தெரியாது.

41-க்கு 9 இருந்த இடத்தில் 41-க்கு 8 போட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். அதே வேகத்துக்கு ஷாஃப்ட் எட்டில் ஒரு பங்கு அதிகம் சுற்றும். மீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 53 தான். ஓடிய தூரமும் அப்படியே: நிஜத்தில் 100 கி.மீ. போனால் மீட்டரில் 112 ஏறும். விற்பவர் லிட்டருக்கு 14 வருகிறது என்று மனதாரச் சொல்லலாம், அவர் மீட்டரைப் பார்த்துத்தான் சொல்கிறார். நிஜக் கணக்கு பன்னிரண்டரைகூட இல்லை. தலைகீழாக 41-க்கு 10 போட்டிருந்தால் மீட்டர் பத்து சதவீதம் குறைத்துக் காட்டும், வண்டி உண்மையில் ஓடிய தூரம் மீட்டரில் இருப்பதைவிட அதிகம்.

ஸ்பீடோமீட்டர்கள் நிஜத்தைவிடக் கொஞ்சம் கூடக் காட்டுவது வழக்கம்தான், மூன்று நான்கு சதவீதத்துக்குப் பதற வேண்டாம். ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிடும்போது பத்து சதவீதத்துக்கு மேல் போனாலோ, நிஜத்தைவிடக் குறைத்துக் காட்டினாலோ டயர் அளவு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டயர் சரி என்றால் பல் மாறியிருக்கிறது. சக்கரத்தின் சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் புதிய வண்டிகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

எந்த வேலைக்கு எது

முதுநகர் துறைமுகத்திலிருந்து ஐஸோடு மீன், பண்ருட்டியிலிருந்து பலா, சென்னைக்கு இரவோடு இரவாக ஓட்டம் என்றால் வழியெல்லாம் சமதளம். 60 கி.மீ. வேகத்தில் நேர் கியரில் 4.10 வண்டி சுமார் 1,900 ஆர்.பி.எம்., 4.55 வண்டி 2,120, 5.12 வண்டி 2,380 சுற்றும். அந்த வேலைக்கு நான் 4.55-ஐத் தாண்டமாட்டேன். செங்கல், ஜல்லி ஏற்றி ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடுபவருக்கும், கள்ளக்குறிச்சி தாண்டிக் கல்வராயன் மலை ஏறுபவருக்கும் ஐந்தைத் தொடும் ரேஷியோதான் கிளட்ச்சைக் காப்பாற்றும். கம்பெனி அந்த எடைத் திறனுக்கு என்று கொடுத்த பல்லைவிட வெகுதூரம் விலகி இருக்கும் வண்டியை மட்டும் நல்ல காரணம் கேட்காமல் வாங்காதீர்கள்.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றால் முன் ஆக்சிலையும் இதே மாதிரி எண்ணியே ஆக வேண்டும். முன்னும் பின்னும் ரேஷியோ வேறுபட்டால், தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்ட மாத்திரத்தில் இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸை உடைக்கும்.

திறந்து பார்ப்பதும், ஸ்பேர் வாங்குவதும்

கிரவுன் செட் மாற்றுவது என்று முடிவானால் எண்ணிய கணக்கோடு கடைக்குப் போகாதீர்கள், பல்லில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். பின்பக்கம் மூடி உள்ள ஹவுசிங் என்றால் ஆயிலை வடித்து மூடியைக் கழற்றினாலே கிரவுன் தெரியும். முன்பக்கமாக டிஃபரன்ஷியல் உருண்டை கழலும் வகை என்றால் ஆக்சில் ஷாஃப்டுகளை இழுத்து, ஜாயின்ட்டையும் கழற்ற வேண்டும், அது மெக்கானிக் வேலை. கிரவுனின் ஓரத்திலோ முகத்திலோ 9/41 என்கிற மாதிரி பல் எண்ணிக்கையும், பினியனில் இருப்பதோடு பொருந்தும் செட் எண்ணும் அடித்திருக்கும். எண் அழிந்திருந்தால் துணியால் துடைத்து, ஒரு பல்லில் பெயின்ட் வைத்து ஒவ்வொன்றாக எண்ணுங்கள். 41-க்கு 10-ஆ, 37-க்கு 9-ஆ என்கிற குழப்பம் இங்கே தீர்ந்துவிடும்.

கிரவுனையும் பினியனையும் ஒன்றாக வைத்துத்தான் கம்பெனியில் தேய்த்துப் பொருத்துகிறார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளைச் சத்தம் வரும், சீக்கிரமே பல் உதிரும். செட்டாகத்தான் வாங்க வேண்டும். மாட்டிய பிறகு ஜி.எல்.-5 தரத்து ஆயில்தான் ஊற்ற வேண்டும். இந்த வகைப் பற்கள் உருளும்போது வழுக்கவும் செய்கின்றன, சாதாரண கியர் ஆயில் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

சென்னை புதுப்பேட்டையில் முழு ஹவுசிங்காகப் பழையது வாங்கி வருபவர்கள் அங்கேயே எண்ணிவிடலாம். ஒரு பக்க ஹப்பை ஒருவர் அசையாமல் பிடிக்கட்டும், மறுபக்க ஹப்பை 20 சுற்று திருப்பி பினியன் ஃபிளாஞ்சை எண்ணி, பத்தால் வகுங்கள். கழற்றப் போகும் ஆக்சிலின் எண்ணோடு அது ஒத்துப்போகவில்லை என்றால், கடைக்காரர் எந்த வண்டியில் கழற்றியது என்று சொன்னாலும் அந்த ஹவுசிங்கை எடுக்க வேண்டாம்.